மூன்று மில்லிமீட்டருக்குள் ஒரு குதிரை

முதல் தோலைப் பெரியமேட்டில் ஒரு கடையில் வாங்கினேன். ஒன்றரை அடிக்கு ஒரு அடி இருக்கும். தேன் நிறம், தடவினால் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். ஒரு ரோஜாப்பூ, ஐந்து இதழ், அவ்வளவுதான் திட்டம். பஞ்சில் தண்ணீர் தொட்டு நனைத்தேன், கத்தியால் கோடு போட்டேன், இதழோரங்களை இரும்பு அச்சால் தட்டித் தட்டிப் பதித்தேன். இரவு பதினொரு மணிக்கு இதழ்கள் எழும்பி நின்றன. போட்டோ எடுத்து நண்பனுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால் பூ இல்லை. கத்திக் கோடு மட்டும் இருந்தது. சுற்றியிருந்த பள்ளமெல்லாம், ஆள் எழுந்துபோன மெத்தை மாதிரி, உப்பி மேலே வந்துவிட்டது.

கோபமாகத்தான் கடைக்குப் போனேன். கடைக்காரர் தோலின் ஓரத்தை மடக்கிப் பார்த்தார். வெட்டுவாயில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று. சிரித்துவிட்டார்.

"தம்பி, இது குரோம். பை தைக்கலாம், ஷூ தைக்கலாம். அடிச்சா நிக்காது. பட்டை போட்ட தோல்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"நீங்க சொல்லலையே பாய்."

"நீங்க கேக்கலையே தம்பி."

அவர் சொன்னதில் தோல் சிற்பக் கலையின் பாதி வரலாறு இருக்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது. பட்டை என்று அவர் சொன்னது ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை வகையறா. கூடவே கடுக்காய். மரத்தின் துவர்ப்பை வைத்துப் பச்சைத்தோலைப் பதப்படுத்துவது மனிதர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரிந்த வேலை. துவர்ப்பு, தோலின் நார்களுக்கு இடையே போய் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட தோலை நனைத்தால் பிசைந்த களிமண் மாதிரி இளகும், காய்ந்தால் அமுக்கிய இடத்தில் அமுங்கியே நிற்கும். 1884இல் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் அமெரிக்காவில் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வாரக்கணக்கில் ஊற வேண்டிய வேலை குறுகிப்போனது. மென்மையான, தண்ணீருக்கு அஞ்சாத, ஸ்பிரிங் மாதிரி பழைய நிலைக்குத் திரும்புகிற தோல் கிடைத்தது. இன்று உலகத்தில் நாம் தொடும் தோலில் பெரும்பகுதி அதுதான். அழுத்தினால் நினைவில் வைத்துக்கொள்ளாத தோல். என் ரோஜா மறதியில் செத்தது.

சரி, பட்டை போட்ட தோல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் என்ன நடக்கிறது? 'கார்விங்' என்கிறார்கள், நாமும் செதுக்குதல் என்று மொழிபெயர்க்கிறோம். இரண்டுமே பொய். கல்லிலும் மரத்திலும் சிற்பி வேண்டாததை வெட்டி எறிகிறான். தோலில் எறிவதற்கு ஒன்றும் கிடையாது. மொத்தக் கனமே மூன்று மில்லிமீட்டர் சொச்சம், குடைந்தால் ஓட்டைதான் மிஞ்சும். வேலை முடிந்தபின் மேசையைத் துடைத்தால் ஒரு சிட்டிகைத் தூள்கூட வராது.

நடப்பது வேறு. ஸ்விவல் கத்தி என்று ஒன்று. தலையில் ஆள்காட்டி விரல் உட்கார ஒரு வளைவு, தண்டைக் கட்டைவிரலும் நடுவிரலும் உருட்டும். பேனா மாதிரி இழுக்காமல் உருட்டிக்கொண்டே போனால் வளைவுகள் வழுக்கிக்கொண்டு விழும். தோலின் பாதிக் கனம் வரை ஒரு கீறல். பிறகு பெவலர் என்ற அச்சு. ஆப்பு மாதிரிச் சாய்ந்த முகம் அதற்கு. கீறலின் ஒரு பக்கத்தில் மட்டும் அதை வைத்து மரச்சுத்தியலால் தட்டுகிறார்கள். அந்தப் பக்கம் சரிகிறது, மறுபக்கம் அப்படியே நிற்கிறது. அந்தச் சின்னச் சரிவைக் கண் 'இது முன்னால், அது பின்னால்' என்று வாசிக்கிறது. இந்த ஏமாற்றுதான் அஸ்திவாரம், மற்றதெல்லாம் அதன் மேல் எழுப்பிய மாடிகள். இன்னொரு உதவியும் உண்டு. ஈரம் சரியான பதத்தில் இருந்தால், தட்டுகிற இடத்தில் தோல் தானாகக் கறுக்கும். சாயமில்லாமலே நிழல் விழுகிறது. பதம் எப்படித் தெரியும்? நிறம் பழையபடி வெளிற ஆரம்பித்திருக்க வேண்டும், கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும். கருவியே இல்லாத அளவை.

இந்த ஏமாற்றை முதலில் யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடுவதில் அர்த்தமில்லை. ஆனால் ஐரோப்பாவில் முழுசாகப் பிழைத்திருக்கும் மிகப் பழைய புத்தக அட்டையிலேயே தோல் பூ எழும்பி நிற்கிறது. புனித கத்பர்ட் நற்செய்தி என்று அதற்குப் பெயர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வடக்கே செய்தது. 138க்கு 92 மில்லிமீட்டர், ஏறக்குறைய நம் கைபேசி அளவு. 687இல் இறந்துபோன துறவியின் சவப்பெட்டிக்குள் இருந்து, 1104இல் டர்ஹாமில் அந்தப் பெட்டியைத் திறந்தபோது வெளியே வந்தது. பிரிட்டிஷ் நூலகம் 2012இல் 90 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. சிவப்பு ஆட்டுத்தோல், நடுவில் ஒரு செடி, கிளை, கனிகள், எல்லாம் மேடாக. பார்த்தால் செதுக்கியது மாதிரி இருக்கும். தோலுக்குக் கீழே பலகையின் மேல் களிமண் போன்ற ஒரு பொருளைச் செடியாக உருவாக்கி, நனைந்த தோலை அதன் மேல் போர்த்தி அழுத்தியிருக்கிறார்கள். ஈரப் புடவை உடம்பில் ஒட்டுவது போல. அடியிலிருந்து ஏற்றுவது ஒரு வழி.

மேலிருந்து இறக்குவது இன்னொரு வழி. பதினைந்தாம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் ஊர்களில் அது உச்சத்துக்குப் போனது. புத்தக அட்டையை நனைத்து, கத்தியால் உருவங்களின் கோட்டைக் கீறி, கீறலை அகட்டி, பின்புலம் முழுக்கப் பொடிப்புள்ளிகளாகக் குத்தித் தாழ்த்திவிடுவார்கள். பின்புலம் இறங்கினால் உருவம் தானே மேலே வரும். இந்த வேலையில் பெயர் தெரிந்த ஒரு சிலரில் மெய்ர் யாஃபெ ஒருவர். உல்ம் நகரத்து யூதர், கையெழுத்துக் கலைஞர், புத்தகம் கட்டுபவர். 1468இல் நியூரம்பர்க் நகர மன்றம் அவருக்கு ஒரு சலுகை தந்தது. நகரத்துக்குள் சில மாதம் தங்கிப் புத்தகம் கட்டிக்கொடுக்கலாம். கவனியுங்கள், தங்குவதே சலுகை. மன்றத்துக்காக அவர் கட்டிய மோசேயின் ஐந்து ஆகமங்கள் இன்று மியூனிக்கில் இருக்கிறது. தோலிலேயே எபிரேய எழுத்தில் தன் பெயரையும் வெட்டி வைத்துவிட்டுப் போனார். 1499இல் நியூரம்பர்க் தன் யூதர்கள் அத்தனை பேரையும் வெளியேற்றியது. அட்டையை மட்டும் வைத்துக்கொண்டது.

கைவினை வரலாறு படிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் தட்டுகிறது. பொருள் உள்ளே வரலாம், செய்தவன் வெளியே நிற்க வேண்டும். இதை நியூரம்பர்க்கில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நாம் இல்லை என்பது வேறு விஷயம். அதற்கு வருகிறேன்.

ஸ்பெயினின் கோர்டோபா தோலுக்குப் பேர்போன ஊர். ஆங்கிலத்தில் செருப்புத் தைப்பவரைக் குறிக்கும் ஒரு பழைய சொல்லே அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. முஸ்லிம் ஆட்சியில் வளர்ந்த வேலைப்பாடு, 1236இல் காஸ்டிலிய அரசர் ஊரைப் பிடித்த பிறகும் நின்றுபோகவில்லை. ஸ்பானியர்களோடு குதிரையும் சேணமும் மெக்சிகோ போயின. மெக்சிகோ மாட்டுக்காரர்களிடமிருந்து கலிஃபோர்னியாவுக்கும் டெக்சாஸுக்கும் போயின. புத்தக அட்டையில் இருந்த கொடியும் இலையும் சேணத்தில் ஏறிக்கொண்டன. மழை, வெயில், வியர்வை, கயிற்று உரசல் எல்லாம் படுகிற ஒரு பொருளில் இவ்வளவு பூ எதற்கு? வெறும் தோலில் ஒரு கீறல் விழுந்தால் அதுதான் கண்ணில் குத்தும், பூ வேலையில் அது காணாமல் போகும் என்று ஒரு நடைமுறைக் காரணம் சொல்வார்கள். எனக்கென்னவோ ஆசைதான் காரணம் என்று தோன்றுகிறது. நாளெல்லாம் மாட்டுக்குப் பின்னால் போகிறவனுக்கும் ஒரு ஆடம்பரம் வேண்டாமா?

அந்தச் சேணப் பூக்களில் எனக்குப் பிடித்தது வயோமிங் மாநிலத்தின் ஷெரிடன் ஊர்ப் பூ. அங்கே டான் கிங் என்று ஒருவர் இருந்தார், 1923இல் பிறந்து 2007இல் மறைந்தவர். ஊர் ஊராக வேலை தேடிப்போன மாட்டுக்காரரின் மகன். அவர் பூவைச் சின்னதாக்கினார், அடர்த்தியாக்கினார். தண்டுகளை வட்ட வட்டமாக ஓடவிட்டார். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு காட்டு ரோஜா. ஒரு தண்டு இன்னொன்றின் மேலே ஏறும், அடுத்த வளைவில் அதன் கீழே நுழையும். கூடை முடைவதைப் பார்க்கிற மாதிரி இருக்கும். கண் நிற்க இடமே கிடைக்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த மேல்–கீழ் விளையாட்டுக்கு மொத்த ஆழமும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். 1984இல் எலிசபெத் ராணி ஷெரிடன் வந்தபோது அவர் கடைக்கும் போனார். 1991இல் அமெரிக்க அரசு நாட்டார் கலைஞர்களுக்குத் தரும் தேசிய பாரம்பரிய விருது அவருக்குக் கிடைத்தது. ஷெரிடன் பாணியை இன்று ஜப்பானியர்கள் போடுவதைப் பார்க்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, பல நேரம் வயோமிங்கைவிடச் சுத்தமாக இருக்கிறது.

ஆனாலும் பூ என்பது பூவேலைதான். ஒரு குதிரையை, அது நிற்கிற புல்லை, பின்னால் தூரத்து மலையை நிஜம் போலத் தோலில் கொண்டுவரும் பைத்தியம் பரவலானது இன்னொரு பாதையில். அதில் போர் வருகிறது, கம்ப்யூட்டர்கூட வருகிறது.

டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் 1919இல் ஹிங்க்லி, டேண்டி என்று இரண்டு பேர் சேர்ந்து, செருப்பு தைப்பவர்களுக்கு அடித்தோலும் சாமான்களும் விற்கும் கடை தொடங்கினார்கள். டேண்டியின் மகன் சார்ல்ஸ் இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்குப் போனார். காயம்பட்ட சிப்பாய்களுக்கு மருத்துவமனைகளில் தோல் வேலை கொடுத்திருந்தார்கள். கைக்கு வேலை கொடுத்தால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று. சார்ல்ஸ் அதைப் பார்த்தார். திரும்பி வந்து அப்பாவிடம் பேசினார். அடித்தோலை விட்டு இதைப் பிடிப்போம். 1950இல் எல் பாசோவிலும் சான் அன்டோனியோவிலும் தோல் கைவினைக்கு மட்டுமான இரண்டு கடைகள் திறந்தன. பர்ஸ் செய்ய வெட்டிய தோல், நூல், அச்சு, வழிமுறைத் தாள் எல்லாம் ஒரே பொட்டலத்தில். பிய்த்துக்கொண்டு போனது. அந்தப் பணத்தில் வளர்ந்த கம்பெனிதான் 1963இல் ரேடியோ ஷாக்கை வாங்கியது, 1977இல் டிஆர்எஸ்-80 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை விற்றது. அந்தப் பெயரில் உள்ள 'டி' டேண்டிதான். பர்ஸ் பொட்டலம் விற்ற அதே புத்தி: நீயே செய்து பார், வழிமுறைத் தாள் உள்ளே இருக்கிறது.

அந்த வழிமுறைத் தாள்களை எழுதியவர்களில் முக்கியமானவர் அல் ஸ்டோல்மன். 1919இல் பிறந்து 1998இல் இறந்தார், கடைசிக் காலத்தில் மனைவி ஆனோடு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாழ்ந்தார். சேணப் பட்டறைக்காரர்கள் தொழில் ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவர்கள், தங்கள் அச்சுகளைத் தாங்களே ராவிச் செய்துகொண்டவர்கள். ஸ்டோல்மன் எல்லாவற்றையும் படம் போட்டு அச்சில் ஏற்றினார். 1950களில் தொடங்கிப் புத்தகம் புத்தகமாக, 'டூடுல் பேஜ்' என்று ஒற்றைத் தாள்களாகவும். எந்தக் கோட்டை எங்கே கீற வேண்டும், எந்த எண் அச்சை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டு. ஆமாம், எண். கிராஃப்டூல் என்ற பெயரில் அச்சுகள் ஆலையில் தயாராகி, பி என்றால் பெவலர், வி என்றால் நரம்பு, எஃப் என்றால் உருவ வேலை என்று எழுத்தும் எண்ணும் போட்டு விற்பனைக்கு வந்தன.

அவர் பாணிக் குதிரை ஒன்றை எடுத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன், கவிதை படிக்கிற மாதிரி. நான்கு கால். அருகில் இருக்கும் முன்னங்காலைச் சுற்றி ஆழமாகச் சரிக்க வேண்டும், அப்போதுதான் அந்தப் பக்கத்துக் கால் பின்னால் போகும். அந்தப் பக்கத்துக் காலின் சொந்த விளிம்பை லேசாக மட்டுமே சரிக்க வேண்டும், இல்லையென்றால் அது மறுபடி முன்னால் குதித்துவிடும். வயிற்றை அச்சால் தட்டக்கூடாது, கரண்டி மாதிரி ஒரு கருவியால் தேய்த்துத் தேய்த்து உருண்டையாக்க வேண்டும். குளம்புகளைப் புல்லுக்குள் மறைத்துவிடுவது பழைய தந்திரம், சோம்பேறித்தனமும்கூட. ஒரு இலையின் ஓரம் நிஜமாகவே தூக்கி நிற்க வேண்டுமென்றால், கீறலுக்குள் தட்டையான நுனியை நுழைத்து நெம்புவார்கள். அடியில் உண்மையான நிழல் விழும். எனக்கு மிகவும் பிடித்தது மலை. தூரத்து மலைக்குக் கத்தியே வைக்கக்கூடாது. பெவலரால் மட்டும் ஒரு மெல்லிய சரிவு. கூர்மையான கோடு பக்கத்தில் இருப்பதற்கு, மங்கல் தூரத்துக்கு. ஐரோப்பிய ஓவியர்கள் நீல வண்ணத்தைக் கரைத்துச் செய்ததை இவர்கள் ஒரு கோட்டைப் போடாமல் விடுவதன் மூலம் செய்கிறார்கள். அதுவும் போதாதவர்கள் தோலைத் திருப்பி, பின்னாலிருந்து உருண்டை முனைக் கருவியால் குதிரையின் தோள்பட்டையை வெளியே தள்ளி, குழி மறுபடி அமுங்காமல் இருக்க அதற்குள் ஏதாவது திணிக்கிறார்கள். சவப்பெட்டிப் புத்தகத்துக்குக் களிமண் வைத்தவரின் வேலை, 1,200 வருஷம் கழித்து.

இதனால் கலை கெட்டுப்போனது என்று சொல்பவர்கள் உண்டு. எண் போட்ட அச்சில் எண் போட்ட மான், எல்லா வீட்டுப் பெல்ட்டிலும் ஒரே பூ. பொய்யில்லை. அந்தக் காலப் பொட்டலங்களிலிருந்து வந்த பர்ஸ்களில் நூற்றுக்குத் தொண்ணூறு அசிங்கமாகத்தான் இருந்திருக்கும், என் ரோஜா மாதிரி. ஆனால் ரகசியமாகவே இருந்திருந்தால், சேணத்துக்குத் தேவை குறைந்த அன்றே அந்தப் பட்டறைகளோடு வித்தையும் போயிருக்கும். கெட்ட பூக்கள் ஆயிரம் பூத்ததால்தான் நல்ல பூ பிழைத்தது என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் அது முடிந்ததற்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது. யார் வேண்டுமானாலும் சமையலறை மேசையில் தோலை விரிக்கலாம். வக்கீல் விரிக்கலாம், பள்ளிக்கூட வாத்தியார் விரிக்கலாம். தோல் ஒரு பொருள், அவ்வளவுதான்.

நமக்குத் தோல் இல்லையா? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு மதராஸிலிருந்து லண்டனுக்குக் கப்பல் ஏறிய தோலுக்கு 'ஈ.ஐ.' என்று, கிழக்கிந்தியா என்று, தனிப் பெயரே உண்டு. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அழுத்தினால் நினைவில் வைத்துக்கொள்ளும் தோல்தான். வங்காளத்தில் தாகூர் குடும்பத்தின் முயற்சியில் சாந்திநிகேதனில் வேரூன்றிய தோல் பைகளுக்கு இந்த வகைத் தோல்தான் அடிப்படை. பூ பதித்து, வண்ணம் ஏற்றி, கொல்கத்தா போனவர்கள் எல்லோரும் ஒன்று வாங்கி வருவார்களே, அதுதான். நம் பக்கத்தில் தோலில் செய்த பெரிய கலை தோற்பாவை. அது நேர் எதிர் வித்தை. மேடு பள்ளம் கிடையாது. கண்ணாடி போலத் துலக்கிய ஆட்டுத்தோலில் துளையிட்டு, விளக்கின் ஒளியை ஊடே விடுகிறார்கள். அங்கே தோலின் மேல் நிழல் விழ வேண்டும், இங்கே தோல் நிழலாக விழ வேண்டும்.

ஆனால் சமையலறை மேசை? செத்த மாட்டின் தோலைத் தொட்டதற்காகவே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதர்கள் உள்ள நாட்டில் அந்த மேசை ஒருபோதும் விரியவில்லை. கையில் வித்தை இருந்தவர்களிடம் செருப்பும் ஏற்றமிறைக்கும் தோல் சாலும் பறையும் கேட்டோம். பூ கேட்கவில்லை. அவர்களே போட்டிருந்தாலும் அதற்குப் பெயர் எழுதி வைக்க யாருமில்லை. நான் தோலும் அச்சும் வாங்கி வந்தபோது என் பாட்டி, "அதை வாசல்லயே வையி, உள்ள கொண்டாராத" என்றாள். பிறகு போட்டோவில் ரோஜாவைப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, ஹாபியா?" என்று அவளே ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தச் சொல் கிடைத்துவிட்டது. ரயில்நிலையத்துக்கு எதிரில் குடைக்கடியில் உட்கார்ந்து செருப்பு தைப்பவரிடம் இதே அச்சுகளைக் காட்டினேன். ஒன்றை எடுத்து, பழைய வாரின் துண்டில் வைத்து ஒரே தட்டு. சாய்மானம் சரியாக விழுந்தது. எனக்கு இரண்டு மாதம் பிடித்தது அது. "பையனுக்கு இதெல்லாம் வேணாம்ங்க," என்று திருப்பிக் கொடுத்தார். "கம்ப்யூட்டர் படிக்கிறான்."

டேண்டி கதையை அவரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை.

பெரியமேட்டில் பாய் இந்த முறை உள்ளே போய்ச் சுருளாக எடுத்து வந்தார். வெளிர் நிறம், கொஞ்சம் விறைப்பு, கடுக்காய் வாசனை. வெட்டுவாய் முழுக்க ஒரே பழுப்பு. வீட்டுக்கு வந்து நனைத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, குதிரையை ஆரம்பித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. கழுத்து தடித்துவிட்டது. பிடரி மயிர் துடைப்பம் மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கத்து முன்னங்காலின் விளிம்பை ஆழமாகத் தட்டிவிட்டேன் போல, அது மட்டும் குதிரையைவிட்டுத் தனியாக முன்னால் வந்து நிற்கிறது. மலைக்குக் கத்தி வைக்கவில்லை. அது தூரத்தில் இருக்கிறது.